பதினேழு வயதில் முறுக்கிய கயிறு

வாசகர் கடிதம்: "எனக்கு வயது 51. கல்லூரி நாட்களில் 5,000 மீட்டர் ஓடியவன். அதன்பின் ஏறக்குறைய 25 ஆண்டுகள் நாற்காலி வேலை. சென்ற ஆண்டுப் பரிசோதனையில் இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பயத்தில் 4 மாதங்களுக்கு முன் மறுபடி ஓடத் தொடங்கினேன். மூச்சும் தசையும் சீக்கிரமே பழகிவிட்டன. ஆனால் 6 வாரங்களாக வலது குதிகாலுக்கு மூன்று விரல் மேலே வலி. காலையில் எழுந்து வைக்கும் முதல் இருபது அடிகள் மரக்கால் கட்டி நடப்பதைப் போல இருக்கின்றன, பிறகு சரியாகிவிடுகிறது. என்னோடு ஓடும் 12 வயது மகளுக்குக் குதிகாலில் ஒன்றுமில்லை. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேடு தொட்டால் வலிக்கிறது என்கிறாள். 'வயதானால் நரம்பு காய்ந்துபோகும், உனக்கு எதற்கு ஓட்டம்' என்கிறார் 76 வயதான அம்மா. நண்பர் ஒருவர் கொலாஜன் பொடி வாங்கச் சொல்கிறார். வயதாக ஆக உள்ளே என்னதான் நடக்கிறது? நான் ஓடலாமா, நிறுத்த வேண்டுமா?"

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். நம் பேச்சில் கயிறு போல நீண்டு கிடப்பது எல்லாமே நரம்புதான். இரத்தக் குழாயும் நரம்பு, மூளையின் சேதியைக் கொண்டுபோவதும் நரம்பு, குதிகாலுக்கு மேல் விறைத்து நிற்பதும் நரம்பு. உங்களுக்கு வலிப்பது தசைநாண். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பூட்டும் கயிறு அது. அக்கிலீஸ் நாண் என்றும் சொல்வார்கள். நாண் என்ற சொல்லை யார் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்களுக்கு என் வணக்கம். வில்லின் நாண் என்ன செய்கிறதோ அதையேதான் இதுவும் செய்கிறது: இழுபடும்போது விசையை வாங்கி வைத்துக்கொண்டு, விடும்போது திருப்பித் தருகிறது. ஓட்டத்தின் துள்ளலில் பெரும் பங்கு அதனுடையது.

அது தாங்கும் சுமை எவ்வளவு என்று தெரிந்தால் உங்கள் வலியின் மேல் கொஞ்சம் மரியாதை வரும். பின்லாந்தில் பாவோ கோமி என்ற ஆய்வாளர், மனிதரின் குதிகால் நாணிலேயே அளவுக் கருவியைப் பொருத்தி ஓடவிட்டுப் பார்த்தார். வேகமான ஓட்டத்தில் உடல் எடையைப் போல 12 மடங்குக்கும் மேலான விசை அதில் பதிவானது. உங்கள் எடையைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு கயிறு, ஒவ்வொரு அடிக்கும் அதைச் சுமக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நாணில் தண்ணீரை நீக்கிவிட்டால் மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். அதன் ஒரு மூலக்கூறு மூன்று புரிகள் முறுக்கிய கயிறு. இந்த முப்புரி வடிவத்தை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணித்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஒரு மூலக்கூறின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் 1.5 நானோமீட்டர்தான். சுவரில் செங்கல் அடுக்குவதைப் போல, ஒவ்வொன்றும் பக்கத்திலிருப்பதைவிடச் சற்றுத் தள்ளிப் படிந்து நுண்ணிழை ஆகிறது. அந்தத் தள்ளல் 67 நானோமீட்டர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்ணிழை முழுவதும் சீரான வரிகள் தெரிவது இதனால்தான். நுண்ணிழைகள் சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து கற்றை, கற்றைகள் சேர்ந்து நாண். வடம் திரிப்பவருக்கு இதில் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

குழந்தை பிறக்கும்போது இந்த நுண்ணிழைகள் மெலிந்தவை. தடிமன் சில பத்து நானோமீட்டர், அதுவும் ஏறக்குறைய எல்லாம் ஒரே அளவு. செல்கள் நிறைய, நீரும் நிறைய. வளர வளர என்ன ஆகிறது? எலியின் வால் நாணைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அதில் நுண்ணிழைகளின் எண்ணிக்கை பிறப்பதற்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அதற்குப் பின் புதிதாக இழை சேர்ப்பதைவிட, இருக்கும் இழையையே நீளமாக்கி, பருமனாக்கி நாண் வளர்கிறது. தறியில் பாவு ஓட்டும்போதே இழைக் கணக்கு முடிந்துவிடுவது போல. வளர்ந்து முடிந்த நாணில் இரண்டு வகை இழைகள் கலந்திருக்கும்: சில நூறு நானோமீட்டர் வரை பருத்த தடித்தவை, அவற்றுக்கிடையே மெல்லியவை. சுமையைத் தாங்குவது தடித்தது. இடைவெளியை நிரப்பி, ஒன்றோடொன்று ஒட்டி நகர உதவுவது மெல்லியது.

இழைகள் நேராகக் கிடப்பதில்லை. அலை அலையாக நெளிந்திருக்கும். மெதுவாக இழுத்தால் முதலில் இந்த நெளிவுதான் நிமிர்கிறது. ஆய்வகக் கணக்கில் முதல் 2 சதவீத நீட்சி வரைக்கும் நாண் பெரிதாக எதிர்ப்பதே இல்லை. அதன்பின்தான் இழைகள் சுமையை வாங்குகின்றன. 4 சதவீதத்தைத் தாண்டினால் நுண்ணிய கீறல்கள். 8 முதல் 10 சதவீதத்தில் அறுந்துபோகும். எலியின் வால் நாணில் வயது ஏற ஏற இந்த நெளிவு தட்டையாகிக்கொண்டே போவதை 1972இலேயே பார்த்துவிட்டார்கள். அதிர்ச்சியை வாங்கும் இடம் சுருங்கிவிடுகிறது என்று பொருள். உங்கள் மகள் ஓடும்போது தெரியும் அந்தத் துள்ளலில் நெளிவுக்கும் பங்கு உண்டு. நீங்கள் அதில் கொஞ்சத்தைச் செலவழித்துவிட்டீர்கள்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான சேதி. உங்களைப் போலக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வளிமண்டலத்தில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. அந்தச் சோதனைகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பின் அது படிப்படியாக இறங்கியது. அந்தக் காற்றைத் தின்ற செடியைத் தின்ற மனிதர்களின் உடலிலும் அந்த ஏற்றமும் இறக்கமும் பதிந்தன. ஒரு திசுவில் உள்ள கார்பன்-14ஐ அளந்தால் அது எந்த ஆண்டில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் இந்த முறையைக் குதிகால் நாணின் நடுப்பகுதியில் பயன்படுத்திப் பார்த்தார்கள். முடிவு: நாணின் உட்கரு, அதாவது அதன் மையப்பகுதி, மனிதரின் முதல் 17 ஆண்டுகளுக்குள் உருவானது, அதன்பின் ஏறக்குறைய மாறவே இல்லை. அதே ஆய்வில் தசை தொடர்ந்து தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தது.

உங்கள் கடிதத்தில் "மூச்சும் தசையும் சீக்கிரமே பழகிவிட்டன" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினை மொத்தமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. தசை புதியது, நாண் பழையது. கல்லூரி நாட்களில் மைதானத்தைச் சுற்றிய அதே கயிற்றோடுதான் இன்றும் ஓடுகிறீர்கள். 4 மாதத்தில் வலுவேறிய தசை, 25 ஆண்டுகளாகச் சுமை பார்க்காத நாணை இழுக்கிறது.

குதிரைகளில் கணக்கு இன்னும் விசித்திரமானது. பந்தயக் குதிரையின் முன்னங்காலில் ஓட்டத்தின் விசையைச் சேமித்துத் தரும் நாணில், கொலாஜன் பாதி மாறுவதற்கு ஏறக்குறைய 198 ஆண்டுகள் ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். குதிரை முப்பது ஆண்டு வாழ்ந்தாலே அதிகம். அதே காலில் மூட்டை நகர்த்த மட்டும் உதவும் இன்னொரு நாணில் அது 34 ஆண்டுகள்தான். அதிகம் உழைக்கிற நாண், அதிகம் புதுப்பிக்கப்படும் என்று நாம் நினைப்போம். நேர்மாறாக இருக்கிறது. அவ்வளவு விசையைச் சுமக்கிற கயிற்றை, ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரித்து மறுபடி முறுக்குவது ஆபத்தான வேலை. அதனால் உடல் அதைத் தொடுவதில்லை என்பது என் ஊகம்.

அப்படியென்றால் நாண் செத்த கயிறா? இல்லை. உட்கரு நிலையாக இருக்க, அதைச் சுற்றி மெல்லிய இழைகள் தினமும் வந்து போகின்றன. எலிகளின் குதிகால் நாணில் இது பகல்-இரவுச் சுழற்சியில் நடப்பதாக மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். தடித்த இழைகள் வீட்டின் தூண்கள் என்றால், மெல்லியவை அவ்வப்போது மாற்றும் பூச்சு. தேய்மானத்தை வாங்கிக்கொள்வது பூச்சு. நாம் மருத்துவத்தில் கைவைக்க முடிகிற இடமும் பெரும்பாலும் அதுதான்.

முதுமை எங்கே வருகிறது என்று இப்போது புரியும். இழை மாறுவதில்லை, இழைக்கும் இழைக்கும் நடுவே உள்ள கட்டு மாறுகிறது. வளரும் வயதில் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி, பக்கத்துப் பக்கத்துக் கொலாஜன்களைக் குறிப்பிட்ட இடங்களில் பிணைக்கிறது. முதலில் இரண்டைப் பிணைக்கும் இளம் பிணைப்பு. நாளாக ஆக மூன்றைப் பூட்டும் முதிர்ந்த பிணைப்பு. இது தேவையான வேலை. இது இல்லாவிட்டால் நாண் நனைந்த நூல்தான். வளர்ச்சியோடு நாண் வலுவடைவதில் பெரும் பங்கு இதற்கு உண்டு.

இன்னொரு கட்டு இருக்கிறது. அதை யாரும் திட்டமிட்டுப் போடுவதில்லை. இரத்தத்தில் சுற்றும் சர்க்கரை, கொலாஜனில் தானாகப் போய் ஒட்டிக்கொண்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல கெட்டியான பாலமாக மாறுகிறது. அவற்றில் முக்கியமான ஒன்றின் பெயர் குளுக்கோசெப்பேன். கொலாஜன் மாறாமல் கிடப்பதால் இந்த ஒட்டுகளும் சேர்ந்துகொண்டே போகின்றன. அழித்துப் போட ஆள் இல்லை. இவை சேரும்போது இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்வது குறைகிறது. இழுவிசை வந்தால் நழுவிக்கொடுத்துச் சமாளித்த கயிறு, இப்போது நழுவாமல் முறியப் பார்க்கிறது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னீர்களே, அதை நான் ஏன் இவ்வளவு கவனமாகப் படித்தேன் என்றால் இதற்காகத்தான். நீரிழிவுக்காரர்களிடம் இந்த ஒட்டு விரைவாகச் சேர்கிறது. குதிகால் வலிக்காக வந்த எத்தனையோ பேருக்கு நான் எழுதிக் கொடுத்த முதல் பரிசோதனை, இரத்தச் சர்க்கரை.

கற்றைகளுக்கு நடுவிலும் ஒரு மாற்றம் உண்டு. கற்றைகளைச் சுற்றி மெல்லிய, வழுவழுப்பான படலம் ஒன்று இருக்கிறது. இளமையில் கற்றைகள் அதன்மேல் சறுக்கி, ஒன்றின் சுமையை இன்னொன்று பகிர்ந்துகொள்கின்றன. குதிரை நாணில் செய்த ஆய்வுகளில் வயதானபோது இந்தப் படலம் விறைக்கிறது, சறுக்கல் குறைகிறது. மீண்டும் மீண்டும் இழுத்தால் களைத்துப்போகும் நாண் அது. நுண்ணிழைகளின் தடிமன் விஷயத்தில் விலங்குக்கு விலங்கு வேறுபாடு இருந்தாலும், பல நாண்களில் முதுமையில் மிகவும் பருத்தவை குறைந்து, சராசரி தடிமன் சற்று இறங்குகிறது. செல்களும் குறைகின்றன, இருப்பவை மெலிந்து நீண்டு, சோம்பிப் போகின்றன. இளம் நாணில் காயம் பட்டால் அது பழைய ஒழுங்குக்கே ஏறக்குறைய திரும்புகிறது. முதிர்ந்த நாணில் காயம் தழும்பாக ஆறுகிறது. மூன்றாம் வகைக் கொலாஜன் அதிகமுள்ள, இழைகள் நேராக ஓடாத ஒட்டு அது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வயதானால் நாண் விறைக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் மேலே சொன்னேன். ஆனால் வயதானவர்களின் முழங்கால் நாணை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே காலை நீட்டவைத்தால், இளைஞர்களைவிட அவர்களது நாண் பல ஆய்வுகளில் தளர்ந்தே காணப்படுகிறது! இரண்டும் எப்படி உண்மையாகும்? நுண்ணிழை அளவில் ஒட்டு ஏறி நெகிழ்வு குறைகிறது. முழு நாணாகப் பார்த்தால், அதற்கு வேலை கொடுக்காததால் தளர்கிறது. முன்னது காலத்தின் செயல். பின்னது நாற்காலியின் செயல். காலத்தை நான் ஒன்றும் செய்ய முடியாது; நாற்காலியை முடியும்.

2003இல் வெளிவந்த ஓர் ஆய்வை இதற்குச் சாட்சி வைக்கிறேன். எழுபதுகளில் இருந்த முதியவர்கள் 14 வாரங்கள் காலுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். முடிவில் அவர்களது முழங்கால் நாண் இழுக்கும்போது நீளாமல் எதிர்க்கும் விறைப்பு 65 சதவீதம் கூடியிருந்தது. நாண் பருக்கவில்லை, அதன் பொருளே உறுதிப்பட்டது. உட்கருவைப் புதுப்பிக்காமலேயே இவ்வளவு சாதிக்கலாம் என்றால், 51 வயதில் நம்பிக்கை இழக்க என்ன இருக்கிறது?

அதனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஓட்டத்தை விட்டுவிட வேண்டாம், இப்போது ஓடுவதைப் போல ஓடவும் வேண்டாம்.

உங்கள் வலி இருக்கும் இடமும், காலையில் விறைத்து நடக்க நடக்க இளகும் தன்மையும், நாணின் நடுப்பகுதிச் சிதைவையே காட்டுகின்றன. குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே உள்ள பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலானோருக்கு அங்கேதான் வருகிறது. இதை அழற்சி என்று சொல்லி வீக்க மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். உள்ளே நடப்பது பெரும்பாலும் இழை ஒழுங்கு குலைவதுதான். மாத்திரை வலியை மங்கவைக்கும், இழையை ஒழுங்குபடுத்தாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1991இல் அறுந்துபோன 891 நாண்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 97 சதவீதத்தில் அறுபடுவதற்கு முன்பே சிதைவு இருந்தது. அவர்களில் பலருக்கு முன்னால் வலியே இருந்ததில்லை. உங்களுக்கு வலி வந்து எச்சரித்திருக்கிறது; அதை உங்கள் அதிர்ஷ்டமென்றே எடுத்துக்கொள்கிறேன்.

முழு ஓய்வு தீர்வு அல்ல. நானே இந்தத் தவற்றைச் செய்தவன். நாற்பதுகளின் நடுவில் எனக்கும் இதே வலி வந்தபோது, நோயாளிகளுக்குச் சொல்வதை மறந்து ஆறு வாரம் காலை நீட்டி உட்கார்ந்தேன். வலி போனது. ஏழாவது வாரம் பழைய தூரத்தை ஓடினேன். இரண்டாம் நாளே இரட்டிப்பாகத் திரும்பியது. ஓய்வில் வலி குறைகிறது, நாணின் தாங்குதிறன் அதைவிடக் குறைகிறது. எங்கள் துறைக்காரர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தவறு இது, எனவே எனக்குப் பெரிய வெட்கமும் இல்லை.

செய்ய வேண்டியது கெண்டைக்காலுக்கான எடைப் பயிற்சி. ஒரு படியின் ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றி நின்று, இரு கால்களாலும் எழும்பி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் கீழே இறங்குவது. ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை இது. முழங்காலை நீட்டி ஒரு முறையும், சற்று மடக்கி ஒரு முறையும், ஒவ்வொன்றும் 15 வீதம் 3 சுற்று, நாளுக்கு இரு வேளை, 12 வாரங்கள். இன்று பலர், நானும், அதற்குப் பதிலாகக் கனமான எடையோடு மெதுவாக ஏறி இறங்குவதை வாரத்துக்கு மூன்று நாள் தருகிறோம். பலன் ஏறக்குறைய ஒன்றுதான். வேலையிருப்பவர்களுக்கு இது சுலபம். எழவும் மூன்று நொடி, இறங்கவும் மூன்று நொடி எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் பயன் போகிறது.

பயிற்சி நாட்களுக்கு இடையே இடைவெளி விடச் சொல்வதற்கும் கொலாஜனே காரணம். பயிற்சி முடிந்ததும் நாணில் கொலாஜன் உடைவதும் உருவாவதும் இரண்டும் கூடுகின்றன. முதல் ஒன்றரை நாளுக்கு உடைவதே முன்னால் இருக்கிறது. உற்பத்தி மூன்று நாள் வரை மெதுவாக நீடித்து, பிறகு வரவு மிஞ்சுகிறது. தினமும் ஓடினால் ஒவ்வொரு நாளும் பற்று எழுதிக்கொண்டே போகிறீர்கள். வரவு எழுத நேரமே கொடுப்பதில்லை. நீங்கள் வாரத்துக்கு எத்தனை நாள் ஓடுகிறீர்கள் என்று எழுதவில்லை. ஐந்தோ ஆறோ என்று பந்தயம் கட்டுகிறேன். மூன்றாக்குங்கள். தூரத்தைப் பாதியாக்குங்கள். மேட்டில் ஓடுவதையும் வேகப் பாய்ச்சலையும் மூன்று மாதத்துக்கு மறந்துவிடுங்கள்.

வலி வந்தால் நிறுத்த வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம். மறுநாள் காலை அந்த முதல் இருபது அடிகளைக் கவனியுங்கள். வழக்கமான அளவே விறைப்பு என்றால், நேற்றைய சுமை சரி. முப்பது அடி, நாற்பது அடி என்று நீண்டால் சுமை கூடிவிட்டது, குறையுங்கள். ஸ்கேன் சொல்லாததை இந்த இருபது அடி சொல்லும். படம் தெளிய மாதங்கள் ஆகும். சிலருக்குக் கடைசிவரை தெளிவதே இல்லை, ஆனாலும் வலியில்லாமல் ஓடுகிறார்கள்.

நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். சில வாரங்களுக்குச் சுகமாக இருக்கும். நாண் பலவீனப்பட்டு அறுந்த கதைகளும் உண்டு. இன்னொரு எச்சரிக்கை, பலருக்குத் தெரியாதது: சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் நாணைப் பாதிக்கக்கூடியவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே இவற்றின் உறையில் கட்டம் கட்டிய எச்சரிக்கையைப் போடச் சொன்னது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சிறுநீர்த் தொற்றுக்கோ வேறெதற்கோ இவற்றை எழுதினால், நாண் வலி இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவை இருந்தால் வேறு மருந்து கொடுப்பார். உங்கள் அம்மாவுக்கும் இது பொருந்தும்.

ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் 'டப்' என்று கேட்டு, அதன்பின் முன்பாதத்தில் எழும்பவே முடியவில்லை என்றால், அது அறுந்த நாண். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொலாஜன் பொடி பற்றிச் சுருக்கமாக. வாயில் போட்ட கொலாஜன் குடலில் துண்டுகளாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. அது அப்படியே குதிகாலுக்கு நடந்து போய் ஒட்டிக்கொள்வதில்லை. 2017இல் 8 இளைஞர்களை வைத்து நடந்த ஒரு சிறிய சோதனையில், வைட்டமின் சி கலந்த 15 கிராம் ஜெலட்டினைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கயிறு தாண்டியவர்களின் இரத்தத்தில் கொலாஜன் உற்பத்தியின் அடையாளம் ஏறியது. அதை வைத்துத்தான் சந்தை இவ்வளவு பெரிதாகிவிட்டது. வைட்டமின் சி இல்லாமல் முப்புரி உறுதியாக முறுக்கிக்கொள்ளாது என்பது உண்மை. ஆனால் வழக்கமாகக் காய்கனி சாப்பிடுகிறவருக்கு அதில் குறை வராது. பொடி வாங்கினால் தீங்கில்லை. பயிற்சியைச் செய்யாமல் பொடியை மட்டும் வாங்கினால், பணத்தைக் கரைத்துக் குடிக்கிறீர்கள்.

மகளுக்கு வருகிறேன். அவளுக்கு நோய் நாணில் இல்லை. நாண் போய்ப் பொருந்தும் இடத்தில் இருக்கிறது. வளர்கிற வயதில் நாணைவிட, அது பிடித்திருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பு பலவீனமானது. எலும்பு வேகமாக நீளும் மாதங்களில் தொடைத் தசை இறுகி, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள மேட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். உங்களுக்குக் கயிறு நைகிறது. அவளுக்கு முளையடித்த மண் அசைகிறது. இதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். பெண் குழந்தைகளுக்கு ஆண் குழந்தைகளைவிடச் சற்று முன்னதாக, பெரும்பாலும் இவள் வயதில்தான் வருகிறது. குதிகாலிலும் இதே போல ஒன்று வருவதுண்டு. குருத்தெலும்பு எலும்பாகி மூடிய பின் பெரும்பாலோருக்கு வலி தானாகப் போய்விடும். மேடு மட்டும் சிலருக்கு மிஞ்சும்.

ஒரு முறை எலும்பு மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல், நொண்டல், ஒரு பக்கம் மட்டும் பெரிய வீக்கம் என்றால் காத்திருக்கக் கூடாது. மற்றபடி விளையாட்டை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். குதிப்பதையும் மண்டியிடுவதையும் சில வாரம் குறைத்தால் போதும். உங்களுடைய பயிற்சித் திட்டத்தை அவளிடம் திணிக்காமல் இருப்பது இன்னும் முக்கியம். 12 வயதில் தினமும் ஒரே மாதிரி நீள ஓட்டம் எதற்கு? ஓடட்டும், ஏறட்டும், பந்து விளையாடட்டும், நீந்தட்டும். அவளுடைய நாணின் உட்கரு இப்போதுதான் முறுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. 17 வயது வரை ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. உங்களுக்கு மூடிய பட்டறை அவளுக்குத் திறந்திருக்கிறது.

அம்மா சொன்னதில் பாதி சரி. பிறந்த குழந்தையின் நாணில் இருக்கும் ஈரம் முதியவரின் நாணில் இருப்பதில்லை. காய்வது என்ற சொல்லை அவர் சும்மா சொல்லவில்லை. அதனால் ஓடக் கூடாது என்பது மட்டும் சரியில்லை. அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி உள்ள, உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். முதல் வாரம் ஐந்து முறை, ஒன்றுவிட்டு ஒரு நாள். எழ முடிந்த பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார் என்றால் எழுந்ததும் தலைசுற்றுகிறதா என்று கேளுங்கள். முதல் சில நாட்கள் நீங்கள் பக்கத்தில் நிற்பது நல்லது; உங்களுடைய படிப் பயிற்சியையும் அந்த நேரத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.